பாகத்துக்கு ஆறு கிராம்

கோவில்பட்டி
6.1.2025

தம்பி பேச்சிராஜாவுக்கு அக்கா சுதாராணி எழுதுவது.

நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். உன்னோடு எனக்கிருந்த வாய்ப்பேச்சு போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக் கரையிலேயே முடிந்துவிட்டது. தொழில் முடியவில்லை என்பதால் ஜிக் பெட்டி வழக்கம்போல எட்டயபுரம் வழி பஸ்சில் வரும். சொல்ல வேண்டியதைப் பெட்டிக்குள் எழுதி வைக்கிறேன். பழைய ஈயம் அனுப்புகிற சாக்கில் நீயும் எழுதிப் போடலாம். போடாவிட்டாலும் இங்கே ஒன்றும் குடி முழுகிவிடாது.

நாலு வருஷமாக எங்கள் தீப்பெட்டி ஆபீசின் பின்கொட்டகையில் ஈயம் உருக்கி உனக்கு ஜிக் ஊற்றுகிறேன். விரல் நீளத்துக்கு ஒரு ஈய மீன். அதைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கடலடிக்கு இறக்கி, தூண்டில் கோலைச் சுண்டிச் சுண்டி ஆட்டினால், அடியில் பாறைப்பாரில் கிடக்கிற கலவாயும் விளமீனும் இரை என்று நம்பிக் கவ்வும். இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஊற்றியது தண்ணீருக்குள் எப்படிப் போகிறது, எப்படி ஆடுகிறது என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

முதலிலிருந்தே இருந்த புகார் இப்போது இரண்டு மாதமாக ஓயவே இல்லை. ஜிக் பாறையில் மாட்டுகிறது, திரும்பி வருவதில்லை, வார்ப்பு சரியில்லை, எடை ஒரு பக்கமாக நிற்கிறது. என் கையை நீ குறை சொன்னால் நான் பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் தொப்பி, வாந்தி மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு விடியும் முன்னே கிளம்பி வந்தேன். நீ என்ன சொன்னாய்? "ஈயம் காச்சுதவளுக்குக் கடலப் பத்தி என்னத்த தெரியும்? கரையில நில்லுக்கா." உன் போட்டில் ஏறிக்கொண்டிருந்த ஆறு கஸ்டமர்கள் முன்னால் சொன்னாய். அதில் ஒருவர் சிரித்தார். போட்டு ஓட்டுகிற சுடலைக்குமார்கூட என் முகத்தைப் பார்க்க முடியாமல் என்ஜினைத் துடைக்க ஆரம்பித்தான்.

நான் கரையில் நின்றேன். நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

நீ கேட்ட இருநூற்றிருபது கிராம் ஜிக் இந்தப் பெட்டியில் இருக்கிறது. என் வார்ப்பு ஒரு பக்கமாக நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் கத்தி முனையில் நிறுத்திப் பார்த்துத்தான் கட்டினேன். எனக்கு உன் போட்டில் ஓர் இடம் வேண்டும். தருகிற வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன். எவ்வளவு ஆழத்தில் போடுகிறாய்? என்ன நரம்பு? எந்த முள்ளை எங்கே மாட்டுகிறாய்? இந்த எடையை உனக்கு யார் சொன்னது?

சுதாராணி

*

தூத்துக்குடி
11.1.2025

அக்காவுக்கு,

தொண்டைக்குள் வரும் வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். போனை எடுக்காமல் இருந்துவிட்டுக் கடிதம் எழுதச் சொல்கிறாய். இந்தக் காலத்தில் யாராவது செய்கிற காரியமா இது? சுடலைக்குமார் சாக்கைக் கட்டும்போது இந்தக் காகிதத்தைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, லவ் லெட்டரா?" என்று கேட்கிறான்.

அன்றைக்குச் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். ஆனால் யோசித்துப் பார். என் போட்டில் ஆறு பேருக்குத்தான் இடம். காசு கொடுத்துப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த இடம். மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரியெல்லாம் பயணம் பண்ணி வருகிறார்கள். அவர்களை இறக்கிவிட்டுவிட்டு என் அக்காவை ஏற்றினால் நாளைக்கு யார் வருவார்? பிரேமலதாவைக் கேட்டுப் பார். பதிவு போனை அவள்தான் பார்க்கிறாள். கஸ்டமரிடம் நான் ஒரு சொல் தவறியதில்லை என்று உன் தம்பி பெண்டாட்டியே சொல்வாள்.

உன் கேள்விக்கெல்லாம் பதில். நாங்கள் போகிற பாரில் ஆழம் முப்பத்தேழு பாகம். இங்கே ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். தூண்டில் சாமான் கடையில் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன கணக்கு, பாகத்துக்கு ஆறு கிராம். முப்பத்தேழை ஆறால் பெருக்கு. இருநூற்றிருபத்திரண்டு. அதனால்தான் இருநூற்றிருபது கேட்கிறேன். சுடலைக்குமார் அதே இடத்தை இருபது பாகம் என்கிறான். அவன் கண்ணால் அளக்கிற ஆள். என் போட்டில் ஆழம் காட்டும் திரை இருக்கிறது. அதில் முப்பத்தேழு என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. நான் எதை நம்புவது?

நரம்பு எண்பது பவுண்டு தாங்குகிற பின்னல் நரம்பு. மாட்டினால் இழுத்து எடுக்க வேண்டுமே. முள், ஜிக்கின் வால் பக்கம் மூன்று கொக்கி உள்ளது ஒன்று. கலர் வெள்ளியும் ரோஸும் போதும். கஸ்டமருக்குப் பார்த்ததும் பிடிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் பாதிக்குச் சிவப்பு அடித்து அனுப்பியிருக்கிறாய். தீப்பெட்டி மருந்துக் கலர். உங்கள் ஊரில் அதைத் தவிர வேறு கலரே கிடையாதா? கடலுக்குக் கீழே சிவப்பு கருத்துப் போகும். இதுகூடத் தெரியாமல்தான் போட்டில் ஏறப் போகிறேன் என்கிறாய்.

கோபப்படாதே. பொங்கலுக்கு வருகிறேன். பேசிக்கொள்ளலாம்.

பேச்சிராஜா

*

கோவில்பட்டி
19.1.2025

தம்பிக்கு,

பொங்கலுக்கு வந்தாய். அத்தானோடு பேசினாய், சாப்பிட்டாய், போனாய். நான் இலை போட்டேன், பேசவில்லை. சாம்பார் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நீயாக வாளியை எடுத்து ஊற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

சிவப்பு கருத்துப் போகும் என்று எழுதியிருந்தாய். உண்மையா என்று பார்க்கக் கடல் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். இடைசெவல் போகிற வழியில் ஒரு கைவிட்ட கல்குவாரி இருக்கிறதே, இந்த மழைக்கு நிறையத் தண்ணீர் கட்டி நிற்கிறது. சிவப்பு ஒன்று, வெள்ளி ஒன்று, கிளிப்பச்சை ஒன்று, இருட்டில் ஒளிர்கிற பெயிண்ட் கோடு போட்டது ஒன்று, நாலையும் கயிற்றில் கட்டி இறக்கினேன். அத்தான் குவாரி மேட்டில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா கடலுக்கு வாரேங்கா, நீங்க என்ன சொல்லுதீய அத்தான்" என்று பொங்கலன்று நீ அவரிடம் இழுத்தாயாமே, அவர் சொன்னது இதுதான்: "வழுக்கும், பாத்து நில்லு."

நீ சொன்னது சரி. கொஞ்சம் இறங்கினதுமே சிவப்பு கருப்பாகிவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். கலங்கின தண்ணீரில் வெள்ளி காணாமல் போனது. வெயில் எட்டுகிற வரைக்கும்தான் அது மினுங்குகிறது. கருத்துப் போன சிவப்பு மட்டும் அந்தக் கலங்கல் வெளிச்சத்துக்கு எதிரே திட்டவட்டமாக நின்றது, பக்கத்தில் ஒளிர்கிற கோடும். கீழே கிடக்கிற மீன் மேல்வெளிச்சத்துக்கு எதிரே அண்ணாந்துதானே பார்க்கும்? கருப்பானால் என்ன கேடு? கரிசல்காட்டுக்காரிக்குக் கருப்பு என்றால் பயமா? இனி சிவப்பில் ஒளிர்கோடு போட்டுத்தான் அனுப்புவேன். வெள்ளி வேண்டுமானால் தண்ணீர் தெளிந்த மாதத்தில் கேள்.

அப்புறம் நரம்பு. குவாரியில் நீரோட்டம் கிடையாது என்று நீ சிரிப்பாய். அதனால் நான் நடந்தேன். நரம்பைத் தண்ணீரில் விட்டுக் கரையோரமாகவே இழுத்துக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் ஓடி வந்து, "என்னத்தா, குவாரியில எதும் விழுந்துட்டா?" என்று கேட்டார். "ஆமா, எந் தம்பி புத்தி விழுந்துட்டு, தேடுதேன்" என்றேன். தடித்த நரம்பு தண்ணீரை வாங்கி வில்லாக வளைகிறது. ஜிக்கைத் தூக்கிக்கொண்டே வருகிறது. அதே ஜிக்கை மெல்லிய நரம்பில் கட்டினால் நேராகத் தொங்குகிறது. அப்படியென்றால், தடித்த நரம்பு போடுவதால் உனக்குக் கனத்த ஜிக் வேண்டியிருக்கிறது. கனத்த ஜிக் பொத்தென்று பாறைக்குள் இறங்கி மாட்டுகிறது. மாட்டுவதால் இழுத்தெடுக்கத் தடித்த நரம்பு போடுகிறாய். செக்கு மாட்டுக்குக்கூட நடுவில் ஓய்வு உண்டு.

வாலில் மூன்று கொக்கி மாட்டுகிறாயே, தரையைத் தொடுகிற பக்கம் கொக்கியை வைத்தால் அது பாறையைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிக்கும்? முள்ளைத் தலைப்பக்கம் ஒரு சிறு கயிற்றில் கட்டு.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அந்தத் திரையில் முப்பத்தேழு என்கிற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது? பார்த்து எழுது. பெரியவர் சொன்ன கணக்கும் சுடலைக்குமார் சொல்கிற ஆழமும் எங்கோ இடிக்கிறது.

என் இடம் என்ன ஆயிற்று?

சுதாராணி

*

தூத்துக்குடி
24.1.2025

அக்காவுக்கு,

குவாரியில் நடந்து கடலைக் கற்றுக்கொண்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். கோவில்பட்டியில் மழை பெய்கிற நாளை விரல்விட்டு எண்ணலாம். அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு நீரோட்டம் சொல்லித் தருகிறாய். இங்கே அதற்குப் பெயர் நீவாடு. அதாவது தெரியுமா?

திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் எம் என்று இருக்கிறது. மீட்டர். இங்கே மீட்டரைத்தான் பாகம் என்பார்கள். நாலு வருஷமாகக் கடல் தண்ணீரில் கால் வைத்து நிற்கிறேன், எனக்குத் தெரியாதா? பாகத்துக்கு ஆறு கிராம், முப்பத்தேழு பாகம், இருநூற்றிருபது கிராம். கணக்கு கணக்குதான். மாட்டுகிறது என்றால் வார்ப்பில்தான் கோளாறு. போன வாரமும் நாலு ஜிக் போய்விட்டது. பெங்களூர் கஸ்டமர் ஒருவர் கோலைத் தூக்க முடியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த ஜிக்கெல்லாம் கோவில்பட்டியில் ஊற்றியது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒருதடவை சொன்னேன். "கோவில்பட்டியா? அங்க தண்ணியே கெடையாதே, மீனுக்கு எங்கங்க போனீங்க?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் யாராவது கேட்டால், வெளியூர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். அதை ஊற்றுகிற என் அக்காவே போட்டில் வந்து உட்கார்ந்தால் நான் என்ன சொல்வேன்?

கழிப்பறை கிடையாது. அலை அடிக்கும். வாந்தி வரும். நீ ஒரு ஆள் வாந்தி எடுத்தால் ஆறு பேர் காசும் போச்சு. திரும்பவும் சொல்கிறேன், இடம் காசு கொடுத்துப் பதிவு பண்ணினவர்களுக்குத்தான். அவர்களை இறக்கிவிடுவது என் தொழிலில் கிடையாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

இருநூற்றிருபதில் முப்பது அனுப்பு. வெள்ளி.

பேச்சிராஜா

*

கோவில்பட்டி
3.2.2025

தம்பிக்கு,

நீ கேட்ட இருநூற்றிருபதை அனுப்பவில்லை. அனுப்பப் போவதும் இல்லை. காரணத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

சுடலைக்குமார் ஈயச் சாக்கோடு போன புதன்கிழமை இங்கே வந்தான். கொட்டகையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அப்புறம் கேட்டேன், "ஏய்யா, பாகம் பாகம்னு சொல்லுதீங்களே, அப்படின்னா என்ன?" அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தான். விரித்த வேகத்தில் பெயிண்ட் காயப்போட்ட தட்டு ஒன்று கீழே விழுந்தது. "இந்தா, இந்தக் கை நுனியில இருந்து அந்தக் கை நுனி வரைக்கும் ஒரு பாகம்க்கா. ஆறடின்னு வச்சுக்கிடுங்க. நரம்ப இழுத்து அளக்குதோம்லா, அப்படி வந்ததுதான்."

அப்படியா சங்கதி என்று, என்னோடு ஈயம் ஊற்றுகிற இசக்கிசெல்வியைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னாலேயே பெருக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபது பாகம் என்றால் நூற்றிருபது அடி. நூற்றிருபது அடி என்றால் முப்பத்தேழு மீட்டர். உன் திரையும் சரி, சுடலைக்குமாரும் சரி, கடைப் பெரியவரும் சரி. நடுவில் நின்ற நீ மட்டும்தான் தப்பு. இருபது பாகத்துக்கு ஆறு கிராம் வீதம் நூற்றிருபது கிராம். அந்தக் கடலில் நீ நாலு வருஷமாக இருநூற்றிருபதைப் போட்டுப் பாறையைக் கொத்திக்கொண்டிருக்கிறாய். கஸ்டமர் தோளையும் சேர்த்துக் கொத்தியிருக்கிறாய். பழி என் வார்ப்பு மேல்.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லக் கூடாதா?" என்று சுடலைக்குமாரைக் கேட்டேன். "அவிய திரையப் பாத்துச் சொல்லுதாவ. நான் இருபதுன்னா, அவிய உனக்குக் கணக்கு வராதுலேங்காவ. நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்" என்றான்.

உன் மேல் தப்பில்லை என்றும் தோன்றியது. நம் வீட்டில் பாகம் என்றால் வேறு. அப்பா போன பிறகு அந்த ஒரு சொல்தான் நம் வீட்டுச் சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. பாகம் பிரிப்பது, பாகம் எழுதுவது. நாகலாபுரத்துக் கரிசலில் எனக்குப் பாகம் வேண்டாம் என்று பத்திர ஆபீசில் உனக்காகக் கையெழுத்துப் போட்டேன். ஊரில் எல்லா அக்காமாரும் போடுகிற கையெழுத்துதான். அந்த நிலத்தை விற்றுத்தான் நீ போட்டு வாங்கினாய். போட்டு வாங்கின இடத்திலும் பாகம் என்று ஒன்று இருந்தது. அங்கே அதற்குக் கையை விரித்துப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லை.

நிலத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. போட்டில் பாதி எனக்கு என்றும் கேட்கவில்லை. ஒரு மனுஷி உட்காருகிற அகலத்துக்கு ஒரு பலகை கேட்டேன். அதற்கு நீ கழிப்பறை இல்லை, வாந்தி வரும், ஊர்ப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எழுதுகிறாய். ஈயப் புகையில் நாலு வருஷம் நின்றவளுக்கு அலையில் வாந்தி வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே. துடைத்துக்கொள்ள எனக்கு முந்தானை இருக்கிறது.

ஊர்ப் பெயர் விஷயத்துக்கும் ஒரு முடிவு பண்ணிவிட்டேன். பட்டறைக்காரரை வரவழைத்து எல்லா அச்சிலும் எழுத்து வெட்டச் சொல்லிவிட்டேன். இந்தப் பெட்டியில் நூற்றிருபது கிராமில் மூன்றே மூன்று ஜிக் இருக்கிறது. திருப்பிப் பார். வயிற்றுப் பக்கம் கோவில்பட்டி என்று ஈயத்திலேயே இருக்கும். சுரண்டினால் ஜிக்தான் பாழாகும். இனி வெளியூர்ச் சரக்கு என்று சொல்ல உனக்கு வாய் வந்தால் சொல்லிக்கொள்.

நாற்பது பவுண்டு நரம்பில் கட்டிப் போடு. முள் தலைப்பக்கம். போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுது.

சுதாராணி

*

தூத்துக்குடி
8.2.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரேமலதா சத்தமாகப் படித்தாள். எனக்காகப் படிக்கவில்லை, அவளுக்குச் சிரிக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் கையை விரித்து விரித்துக் காட்டுகிறாள். நேற்றுப் பாயைக்கூட, "இது எத்தன பாகம்ங்க?" என்று கேட்டுக்கொண்டே விரித்தாள். உனக்குத் திருப்திதானே?

நீ அனுப்பிய மூன்று ஜிக்கும் பெட்டிக்குத் திரும்பி வந்துவிட்டன. ஒன்றும் மாட்டவில்லை. அன்றைக்கு நீவாடு குறைவு, அதனால் இருக்கும். இரண்டு விளமீன் சிவப்பில் அடித்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஒருநாளை வைத்து எதையும் சொல்ல முடியாது. மெல்லிய நரம்பு பாறையில் உரசினால் அறுந்துவிடும் என்பதையும் நீ மறக்கக் கூடாது. நுனியில் கட்டுகிற கண்ணாடி நரம்பை நீளமாக விட்டால்தான் தாங்கும். குவாரியில் அது தெரிந்திருக்காது.

பாகம் விஷயத்தில் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டாம். தெரியாமல் நடந்தது.

இடம் பற்றி என் பேச்சில் மாற்றமில்லை. இந்த மாதம் கேட்கவே வேண்டாம். வருகிற பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே குரூப் முழுப் போட்டையும் பதிவு பண்ணிவிட்டது. ஆறு பேர். பிரேமலதாதான் போனில் பேசினாள். இதுவரைக்கும் வந்த கஸ்டமரைப் போல இல்லை, விஷயம் தெரிந்தவர்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது பவுண்டு நரம்பு, இரண்டு பாக நீளத்துக்குக் கண்ணாடி நரம்பு, முள் தலைப்பக்கம்தான் இருக்க வேண்டுமாம். ஜிக் அவர்களே கொண்டு வருகிறார்களாம். கடலோரத்தில் பழகின ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களிடம் பேர் வாங்கினால் நாலு பேரிடம் சொல்வார்கள். சுடலைக்குமாரிடம் போட்டைக் கழுவி, உட்காரும் பலகைக்குப் புது மெத்தை போடச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு நானே வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

இதைப் பெருமைக்கு எழுதவில்லை. கஸ்டமர் என்றால் எப்படி நடத்துவேன் என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

பேச்சிராஜா

*

கோவில்பட்டி
13.2.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். புது மெத்தை போடுகிறாய் என்றதும் கழுகுமலையிலிருந்து வேலைக்கு வருகிற கிருஷ்ணப்ரியா, "அக்கா, அப்ப நல்ல சேலையே கட்டிக்கிடலாம்லா?" என்று கேட்டாள்.

ஆமாம். விஷயம் தெரிந்த அந்த ஆறு பேர் நாங்கள்தான். நான், இசக்கிசெல்வி, பாண்டிச்செல்வி, கிருஷ்ணப்ரியா, அச்சில் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தட்டுகிற உச்சிமாகாளி. காசு கொடுத்திருக்கிறோம், பதிவு பண்ணியிருக்கிறோம், ரசீது கையில் இருக்கிறது. பதிவு பண்ணினவர்களை இறக்கிவிடுவது உன் தொழிலில் கிடையாது என்று நீயே இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து, உன் பேனா.

ஐந்து பேர்தானே வருகிறது என்று விரல் விடுகிறாயா? ஆறாவது ஆள் உன் பக்கத்து அறையில் இப்போது பல் விளக்கிக்கொண்டிருப்பாள். போனில் பேசினது அவள்தான் என்று நீயே எழுதியிருந்தாய். கண்ணாடி நரம்பைச் சேர்த்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். யாரோடு பேசினாள் என்று கேட்கத்தான் உனக்குத் தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் போட்டைக் கரையிலிருந்துதான் பார்க்கிறாளாம். உன்னிடம் இரண்டுதடவை கேட்டாளாம். நீ, "பொறவு பாப்போம்" என்றாயாம். அந்தப் பொறவு வருகிற ஞாயிற்றுக்கிழமை.

நான் ஜெயிக்க வரவில்லை, உன்னைக் கேவலப்படுத்தவும் வரவில்லை. என் ஜிக் தரையைத் தொடுகிறதா என்று என் விரலால் தெரிந்துகொள்ள வருகிறேன். அது என் வேலை. வேலை செய்கிறவளை வேலை நடக்கிற இடத்துக்கு வராதே என்று சொல்ல ஒருத்தனுக்கும் உரிமை கிடையாது, அவன் என் கூடப்பிறந்தவனாக இருந்தாலும் சரி.

நீ வார்த்தையைக் காப்பாற்றுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் உன்னோடு பேசுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கஸ்டமர் பேச வேண்டும் என்று சட்டமில்லை.

சுதாராணி

*

தூத்துக்குடி
17.2.2025

அக்காவுக்கு,

நீ நேற்று கரையேறினதும் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறிப் போய்விட்டாய். அதனால் இதையும் சாக்கில்தான் போடுகிறேன். நீ பிடித்த கலவாயில் உன் பங்கை ஐஸில் வைத்து அனுப்பியிருக்கிறேன். மீதியைப் பிரேமலதா குழம்பு வைத்துவிட்டாள். அவள் பிடித்த பாறை மீனை யாரையும் தொடவிடவில்லை. போட்டோ எடுத்து அவளுடைய அம்மா வீட்டுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

நீங்கள் ஐந்து பேரும் வரிசையாக வந்து நின்றபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. "வாங்க மேடம்னு சொல்லுங்க" என்று பிரேமலதா என் முதுகில் குத்தினாள். சொன்னேன். பக்கத்துப் போட்டுக்காரர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு லேடீஸ் லோடா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் வந்த கோபம். "கஸ்டமர்லே, மரியாதையாப் பேசு. ஜிக் ஊத்துதவிய அவிய" என்று சொன்னேன். நீ கேட்டாயோ இல்லையோ, நான் சொன்னது சொன்னதுதான்.

பாரில் நிறுத்தினதும் சுடலைக்குமாரிடம்தான் ஆழம் கேட்டாய். நான் திரைக்கு முன்னால் நிற்கிறேன், என்னைக் கேட்கவில்லை. அவன் இருபது என்றான். நீ ஒளிர்கோடு போட்ட சிவப்பை இறக்கினாய். நரம்பு தளர்ந்ததும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். "தொட்டுட்டு" என்று இசக்கிசெல்வியிடம் சொன்னாய். மெதுவாகத்தான் சொன்னாய், என்ஜின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. நாலு வருஷமாக நான் தினமும் பார்க்கிற ஒன்றுக்காக ஒரு ஆள் இப்படி ஆவார் என்று எனக்குத் தெரியாது. அதை உனக்குக் காட்டாமல் வைத்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, அக்கா.

நீ வாந்தி எடுத்தாய். நான் சொன்னபடியே நடந்தது. ஆனால் எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கோலை மறுபடி தூக்கினாய். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பாண்டிச்செல்வி போட்ட மெல்லிய நரம்பு பாறையில் உரசி அறுந்தது. கண்ணாடி நரம்பைக் குட்டையாகக் கட்டியிருந்தாள். இதை நான் முன்னமே எழுதியிருந்தேன் என்பதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாள் முழுக்கப் போனது அந்த ஒரே ஒரு ஜிக்தான். வார்ப்பில் குறையில்லை. இதை என் கையால் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

அப்புறம் உன் கோல் தண்ணீர் வரைக்கும் வளைந்ததே, அந்த நேரத்தைத்தான் நான் ராத்திரியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கலவாய் பாறைக்குள் போய்ப் புகப் பார்க்கிறது. நீ பலகையில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுக்கிறாய். கைப்பிடி வழுக்குகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கஸ்டமர் கோலை விட்டுவிடப் போகிறார் என்றால் நான் வாங்கிச் சுற்றிக் கொடுப்பது வழக்கம், அது உனக்குத் தெரியாது. ஓடி வந்து உன் கோலைப் பிடித்தேன்.

"கைய எடுலே!" என்று கத்தினாய்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சண்டைக்கு அப்புறம் நீ என் முகத்தைப் பார்த்துப் பேசின முதல் பேச்சு அதுதான் அக்கா. நான் கையை எடுத்துவிட்டேன்.

பேச்சிராஜா